எந்தக் காயம் யாருடையது

அத்தியாயம் 9

திண்டுக்கல் வந்த பன்னிரண்டாம் நாள் காலையில்தான் பிராங்கிளின் அக்காவின் கையைப் பார்த்தான்.

கிளாரா அடுப்பு மேடைக்கு மேலே இருந்த கடுகு டப்பாவை எடுக்கக் கையை நீட்டினாள். இடது கை தோளுக்கு மேல் போகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வலது கையால் எக்கி எடுத்தாள். ரவிக்கையின் கை சற்று மேலேறியது. முழங்கைக்கு மேலே ஒரு பக்கம் நாலு தடம். மறுபக்கம் ஒன்று. நடுவே பச்சை, ஓரத்தில் மஞ்சள்.

அடிபட்ட இடத்துக்கு எத்தனை நாள் வயது என்று சொல்ல அவனுக்கு டாக்டர் தேவையில்லை. முதல் நாள் சிவப்பு. மறுநாள் ஊதா. ஐந்தாறு நாளில் பச்சை. ஏழு வருடம் தன் உடம்பிலேயே பார்த்துப் பழகியவன்.

அப்படியானால் இது ஒரு வாரத்துக்குள் நடந்தது. அவன் இந்த வீட்டில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது.

அம்மா அமலராணிக்குக் கனடாவில் நர்ஸ் வேலை கிடைத்தபோது பிராங்கிளினுக்கு எட்டு வயது. கிளாராவுக்கு இருபது. கல்யாணமாகி நாலு மாதம் ஆகியிருந்ததால் அவள் மட்டும் திண்டுக்கல் மரியநாதபுரத்தில் தங்கிவிட்டாள். வின்னிபெக் குளிரில் அப்பா ஸ்தனிஸ்லாஸ் தினமும் கார் ஓட்டிக் கொண்டுபோய் விட, தம்பி பனித்தரையில் சறுக்கக் கற்றுக்கொண்டான். ஐஸ் ஹாக்கியில் கோல் போடுகிற முன்வரிசை ஆட்டக்காரன் ஆனான். கல்லூரியில் நாலு வருடத்தில் அறுபத்தோரு கோல்.

சம்பளத்துக்கு ஆடப்போன இடத்தில் கோச் வேறு வேலை கொடுத்தார். கோல் போட ஆள் இருக்கிறது, அவர்கள் மேல் கை வைக்கிறவனை நீ கவனித்துக்கொள் என்றார். அந்த ஆட்டத்தில் இரண்டு பேர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடித்துக்கொண்டால் நடுவர்கள் உடனே தடுப்பதில்லை. ஒருவன் விழும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டம் எழுந்து நின்று கத்தும். மூன்று வருடத்தில் பிராங்கிளின் போட்டது ஒன்பது கோல், எழுபத்தோரு சண்டை.

கடைசிச் சண்டையில் நேதன் என்கிற இருபத்தொரு வயதுக்காரனின் தலைக்கவசம் கழன்று, பின்மண்டை பனியில் மோதியது. நேதன் பிழைத்துக்கொண்டான். பேச்சு மட்டும் திரும்பவில்லை. பிராங்கிளின் அவனைப் போய்ப் பார்க்கவில்லை. விமானம் ஏறி அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான். இனி யார் மேலும் கை வைக்க மாட்டேன் என்று, வந்த அன்றே கிளாராவிடம் சத்தியம் செய்திருந்தான்.

"கை என்னாச்சுக்கா?"

"பாத்ரூம்ல வழுக்கிருச்சு அப்பு. ஒரே பாசி."

"பாசிக்கு அஞ்சு விரல் இருக்குமா?"

கிளாரா குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

"விலாவுலயும் அடிபட்டிருக்கு. மூச்ச முழுசா இழுக்க மாட்டேங்குற. நான் கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அனிஷா கெளம்பிக்கிட்டிருக்கா. மெதுவாப் பேசு."

கூடத்தில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த பதின்மூன்று வயதுப் பெண்ணின் விரல்கள் நின்றன. அவள் நிமிரவில்லை. என்ன ஏது என்று கேட்கவும் இல்லை. செத்த நேரம் அப்படியே குனிந்திருந்துவிட்டு, நாடாவை இறுக்கிக் கட்டி, பையை மாட்டிக்கொண்டு, "வாரேம்மா" என்று போய்விட்டாள்.

பிள்ளைக்கும் தெரியும் என்பது அந்த முதுகிலேயே பிராங்கிளினுக்குப் புரிந்தது.

"எத்தன வருஷமாக்கா?"

"இவ பொறக்குறதுக்கு முந்தியே."

"நான் மாமாகிட்டப் பேசிட்டு வாரேன்."

"வேணாம்."

"கை வைக்க மாட்டேன். பேச மட்டும்தான்."

கிளாரா ஈரக்கையோடு திரும்பினாள். "நீ கேட்டுட்டுப் போயிருவ அப்பு. இந்த வீட்டுல இருக்கப் போறது நானு."

அதை அவன் காதில் வாங்கினான். மனதில் வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

* * *

பூ மார்க்கெட்டில் கிளாராவின் வீட்டுக்காரர் ஆண்டனிராஜைப் பிடிக்காதவர்கள் கிடையாது. கமிஷன் கடைக்காரர்தான், ஆனால் விவசாயிகளுக்கு டீ சொல்லுவார், பெண்களிடம் கூடையை வாங்கி இறக்கி வைப்பார், துக்க வீட்டுக்கு மாலை என்று யாராவது வந்தால் விலை பேச மாட்டார். பிராங்கிளின் போனபோது காலை வியாபாரம் ஓய்ந்து, ஈரச் சாக்குகளின் மேல் மல்லிகை மிச்சம் கொஞ்சம் கிடந்தது. சேவுகம்பட்டியிலிருந்து சம்பங்கி கொண்டுவந்த ஆண்டிச்சாமி என்கிற பெரியவரின் தோளில் கைபோட்டபடி ஆண்டனிராஜ் போனைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தா, ஆளே வந்துட்டான்! எங்க மாப்ள. இப்பப் பாருங்கண்ணே, எப்புடி விடுறான்னு."

சின்னத் திரையில் வெள்ளைத் தரை. நீலச் சட்டையும் சிவப்புச் சட்டையும். நீலச் சட்டைக்காரன் இடது கையால் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுக்கிறான். வலது கை போய்ப் போய் வருகிறது. தலைக்கவசம் உருண்டு ஓடுகிறது. சிவப்புச் சட்டைக்காரன் மரம் சாய்வதுபோலப் பின்னால் சாய்கிறான்.

"ஆத்தாடி!" என்றார் ஆண்டிச்சாமி. "ஆளு எந்திரிக்கலையே?"

"எந்திரிக்கவே இல்லண்ணே!" ஆண்டனிராஜ் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

பிராங்கிளின் போனை வாங்கி அணைத்து மேசையில் வைத்தான். "மாமா, செத்த உள்ள வாங்க. பேசணும்."

கடையின் பின்பக்கம் சாக்குக் கட்டுகளுக்கு நடுவே இரண்டு பேர் நிற்கத்தான் இடம் இருந்தது.

"அக்கா மேல இனிமே கை வைக்காதீங்க."

ஆண்டனிராஜின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. கோபம் ஏறவில்லை. அதுதான் பிராங்கிளினுக்குப் பயமாக இருந்தது. பனித்தரையில் கத்துகிறவனை அவன் பொருட்படுத்தியதே இல்லை. பேசாமல் கையுறையைக் கழற்றுகிறவனிடம்தான் எச்சரிக்கையாக இருப்பான்.

"அவ சொன்னாளா?"

"நானாத்தான் பாத்தேன்."

"அவ சொன்னாளான்னு கேட்டேன்."

"சொல்லல மாமா. கையில தடம் இருக்கு."

"சரி." ஆண்டனிராஜ் ஒரு அடி கிட்டே வந்தார். "நீ சம்பளம் வாங்கிக்கிட்டு ஊரான் புள்ளயப் படுக்கப் போட்டுட்டு வந்திருக்க. ஊரு ஒலகமே பாத்துக் கை தட்டுச்சு. நீ எனக்குப் புத்தி சொல்ல வாரியாக்கும்?" சொல்லிக்கொண்டே பிராங்கிளினின் கன்னத்தில் செல்லமாகத் தட்டுவதுபோல இரண்டு தட்டு தட்டினார். மூன்றாவது பளாரென்று விழுந்தது.

பிராங்கிளினின் இடது கை தானாக எழுந்தது. சட்டைக் காலரைத் தேடிப் பாதி தூரம் போனது. அவன் அதை வலது கையால் பிடித்து இறக்கினான். இரண்டு கையையும் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டான்.

"சொல்லிட்டேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கன்னம் எரிய எரிய நடந்தான். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தான். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அடி வாங்கியும் திருப்பி அடிக்காமல் வந்திருக்கிறான். வாழ்க்கையில் முதல் தடவை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அம்மாவுக்குப் போன் போடலாமா என்று நினைத்து, அங்கே நடுச்சாமம் என்று விட்டுவிட்டான்.

அந்தப் பெருமை ஒன்றரை மணி நேரம் அவனை அங்கேயே உட்கார வைத்தது.

* * *

வீட்டு வாசலில் ஆண்டனிராஜின் பைக் ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு ராமுத்தாய் காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பா போன? வெரசா உள்ள போ. ரொம்ப நேரமாச் சத்தம் கேக்குது. இப்பச் சத்தமும் இல்ல."

கூடத்தில் நாற்காலி கவிழ்ந்திருந்தது. படுக்கையறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அதற்குள்ளிருந்து, ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல ஒரு சத்தம். இடைவெளி விட்டு இன்னொன்று. நடுவில் ஆண்டனிராஜின் குரல், மார்க்கெட்டில் பேசிய அதே நிதானத்தோடு: "என்ன சொன்ன அவங்கிட்ட? என்ன சொன்ன?"

பிராங்கிளின் நாலு எட்டு பின்னால் போய்த் தோளைக் கொடுத்தான். எத்தனையோ பேரை ஆடுகளத்தின் பலகைச் சுவரோடு வைத்து நசுக்கிய தோள். பிளைவுட் கதவு தாழ்ப்பாளோடு பெயர்ந்து உள்ளே விழுந்தது.

கிளாரா கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் சுருண்டு கிடந்தாள். நெற்றி பிளந்து ஒரு கண் முழுக்க ரத்தம். ஆண்டனிராஜின் கையில் பெல்ட். பக்கிள் இருக்கிற முனை வெளியே தொங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை மூளை செய்யவில்லை. உடம்பு செய்தது. இடது கை ஆண்டனிராஜின் சட்டையை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்துத் தலைக்கு மேல் இழுத்தது. சட்டைக்குள் முகமும் கைகளும் மாட்டிக்கொண்டன. முதல் குத்து துணிக்கு மேலேயே விழுந்தது. மூக்கெலும்பு நொறுங்குவதை விரல் முட்டியில் உணர்ந்தான். இரண்டாவது வாயில். வெள்ளைச் சட்டையில் சிவப்பு ஊறிப் பரவியது. ஆண்டனிராஜ் முழங்கால் மடிந்து சரிந்தார்.

கீழே விழுந்தவனை அடிக்கக் கூடாது. ஆட்டத்தின் சட்டம் அது. விழுந்ததும் கோடு போட்ட சட்டையோடு நடுவர்கள் இருவர் நடுவில் புகுந்து பிரித்துவிடுவார்கள். இத்தனை வருடமாக அவன் தானாக நிறுத்தியதே இல்லை, மற்றவர்கள்தான் நிறுத்தினார்கள். இந்த அறையில் அப்படி யாரும் இல்லை. அவன் விழுந்தவர் மேல் முழங்காலை ஊன்றி அடித்தான். மூன்று. நாலு. ஐந்து.

"அப்பு, செத்துருவாரு! விடு! விடு அப்பு!"

குரல் கேட்டது. யாரோ தூரத்தில் கூப்பிடுவதுபோலக் கேட்டது. கை மறுபடி பின்னால் போய் முழு வேகத்தோடு இறங்கியது. குறுக்கே ஏதோ வந்தது. சுள்ளி முறிகிற சத்தம்.

ஆண்டனிராஜின் முகத்துக்கு மேலே கிளாராவின் வலது முன்கை நீண்டிருந்தது. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

அவள் கத்தவில்லை. அவனைப் பார்த்தாள். ரத்தம் மூடாத ஒரே கண்ணால் பார்த்தாள். பிராங்கிளின் கையைத் தூக்கினான், அவளைத் தாங்கிப் பிடிக்கத்தான் தூக்கினான். கிளாரா சட்டென்று தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு சுவரோடு ஒடுங்கினாள்.

அந்த ஒடுங்கலைப் பார்த்ததும் அவன் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

ஆண்டனிராஜ் தவழ்ந்து, சுவரைப் பிடித்து எழுந்தார். சட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, இருவரையும் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. பிராங்கிளின் அவரைத் தடுக்கவில்லை.

* * *

ராமுத்தாய் கூப்பிட்ட குரலுக்குத் தெருமுனை ஆட்டோக்காரர் முகமது பாரூக் வந்தார். கிளாராவைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் சீட்டில் துண்டை விரித்தார். நாகல்நகர் பாலம் தாண்டியதும்தான் வாயைத் திறந்தார்.

"தப்பா நெனைக்காத தாயி. மாடிப்படில உருண்டுட்டேன்னு சொல்லிரு. அடிச்சதுன்னு சொன்னா ஆஸ்பத்திரியிலயே போலீஸ் கேஸ் ஆக்கிருவாங்க."

"ஆகட்டும் பாய்" என்றாள் கிளாரா.

பிராங்கிளின் பின் சீட்டில் உட்கார்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தான். திரும்பாமலே, "அக்கா, என்னய மன்னிச்சிரு" என்றான்.

அவள் வேறு ஒன்று கேட்டாள்.

"நீ ஆடுற எடத்துல, அடிச்சா என்ன தண்டன அப்பு?"

"அஞ்சு நிமிஷம் வெளிய உக்காரணும்."

"அதுக்கப்புறம்?"

"திரும்ப ஆடலாம்."

"இங்கயும் அதேதான். சூசைராஜ் சித்தப்பா பெரியவங்களக் கூட்டிக்கிட்டு மூணு தடவ வந்து பேசுனாரு. மூணு தடவையும் உங்க மாமா தலையக் குனிஞ்சு உக்காந்துருந்தாரு. எனக்குக் கூடப் பாவமா இருக்கும். அவங்க டீ குடிச்சிட்டுப் போவாங்க. திரும்ப ஆரம்பிக்கும்." மூச்சு வாங்கினாள். "உன் சண்டைய வீடியோவுல பாக்குறப்பல்லாம், அந்த எதிராளு பையனுக்கு ஒரு அக்கா இருப்பாளேன்னு நெனைப்பேன். உங்கிட்டச் சொன்னதில்ல."

பாரூக் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

* * *

நெற்றியில் ஏழு தையல். விலா எலும்பில் விரிசல், அது பழைய அடி. முதுகில் பெல்ட் தடம் பதினொன்று. வலது முன்கையில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டு முடித்த டாக்டர், "எல்லாம் ஒரே ஆள் அடிச்சதாம்மா?" என்று கேட்டார். கிளாரா, "போலீஸ் வரட்டும் டாக்டர், ஒரே தடவையாச் சொல்லிர்றேன்" என்றாள்.

பிராங்கிளின் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வலது கை விரல் முட்டி நாலும் வீங்கியிருந்தது. ஒரே ஆள்தான் என்று அக்கா சொல்லிவிடுவாள் என்று ஒரு பக்கம் நம்பினான். சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்த தன்னையே அவனுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய் நானே சொல்கிறேன் என்று சொல்லவும் கால் வரவில்லை.

மூன்றரை மணிக்கு மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ. அறிவுச்செல்வி வந்தார். கூடவே ஒரு பெண் காவலர், தமிழ்மதி. எஸ்.ஐ. பிராங்கிளினையும் உள்ளே கூப்பிட்டார்.

"ஒண்ணொண்ணாச் சொல்லுங்கம்மா. அவசரமில்ல. இந்த நெத்திக் காயம்?"

"வீட்டுக்காரரு. பீரோ முனையில மோதவிட்டாரு."

"முதுகு?"

"அவரு. பெல்ட்டு."

"விலா?"

"அவருதான். போன வாரம். கால்ல மிதிச்சாரு."

"கை?"

பிராங்கிளின் தரையைப் பார்த்தான். கிளாரா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இது என் தம்பி. இந்தா நிக்கிறானே, இவன்."

தமிழ்மதியின் பேனா நின்று, மறுபடி எழுதியது. எஸ்.ஐ. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள அடிக்கணும்னு அடிச்சாரா?"

"இல்ல. வீட்டுக்காரர அடிச்சான். நான் நடுவுல விழுந்தேன். நான் விழலன்னா கொன்னுருப்பான். அதையும் எழுதிக்கங்க மேடம். பதினேழு வருஷமா ஒருத்தருக்காகப் பொய் சொல்லிட்டேன். இன்னொருத்தனுக்காகச் சொல்ல எனக்குத் தெம்பில்ல."

பிராங்கிளின் நிமிர்ந்தான். "ஆமா மேடம்" என்றான். "நான்தான்."

அந்த நேரத்தில் கட்டிலில் கிடந்த போன் அடித்தது. கிளாராவின் ஒரு கை மாவுக்கட்டில், இன்னொரு கை தூக்க முடியாத நிலை. பிராங்கிளின் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவளருகே வைத்தான்.

"அனிஷாவ ஸ்கூல்லேருந்து கூட்டியாந்துட்டேன். என்கூடத்தான் இருக்கா." உடைந்த மூக்கோடு ஆண்டனிராஜின் குரல் கொழகொழவென்று வந்தது. "ஆஸ்பத்திரியில என்னமோ எழுதுறாங்களாமே? எழுது. கையெழுத்துப் போட்டின்னா உன் மகள நீ பாக்க மாட்ட."

பின்னால் ஹாரன் சத்தம். ஒரு கண்டக்டர் அடித்தொண்டையில், "ஒட்டன்சத்திரம், பழனி! ஏறு, ஏறு!" என்று கத்தினார். அதற்கு நடுவே அனிஷாவின் குரல், அழுகை இல்லாமல், மிகத் தெளிவாக: "அம்மா, கையெழுத்துப் போடு."

போன் அணைந்தது.

எஸ்.ஐ. வயர்லெஸ்ஸை எடுத்துவிட்டார். "பஸ் ஸ்டாண்டு. பழனி பஸ்ஸ ரேக்குலயே நிறுத்தி வைங்க. மூக்குல அடிபட்ட ஆளு, கூட ஸ்கூல் யூனிபார்ம்ல பொண்ணு." கிளாராவிடம் திரும்பினார். "நீங்க படுங்க. நாங்க பாத்துக்கிர்றோம்."

கிளாரா ஏற்கெனவே கட்டிலை விட்டு இறங்கியிருந்தாள். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, இடது கையில் பேனாவைப் பிடித்து, முதல் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோலக் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள்.

"நானும் வாரேன் மேடம்."

பிராங்கிளினும் எழுந்தான். "அக்கா, நான் வந்து…"

"நீ வராத."

"மாமா என்ன செய்வாருன்னு…"

"நீ வந்தா அவ உன்னையும் பாத்துப் பயப்படுவா அப்பு. இன்னைக்கு எம்புள்ளைக்கு இம்புட்டுப் போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசிய அதே குரலில்தான் சொன்னாள். பிறகு எஸ்.ஐ.யின் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். செருப்பு போட மறந்திருந்தாள். ஜீப் கிளம்பி, கேட்டைத் தாண்டி, சைரன் போட்டது.

காவலர் தமிழ்மதி மட்டும் இருந்தாள். இன்னொரு தாளை எடுத்து அட்டையில் செருகினாள். இருபத்தைந்து வயது இருக்கும். எழுத்து அழகாக இருந்தது.

"உங்க பேரு?"

"பிராங்கிளின். அப்பா பேரு ஸ்தனிஸ்லாஸ்."

"ஆண்டனிராஜ எதுக்கு அடிச்சீங்க?"

"அக்காவ அடிச்சாரு."

எழுதினாள். அடுத்த வரிக்கு வந்தாள். மேலே எழுதியிருந்ததை ஒரு முறை சரிபார்த்துவிட்டு, உள்ளர்த்தம் எதுவும் இல்லாமல், வரிசைப்படி அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அக்காவ எதுக்கு அடிச்சீங்க?"

பிராங்கிளின் வாயைத் திறந்தான். தமிழ்மதி பேனாவைத் தாளில் ஊன்றியபடி காத்திருந்தாள்.